எறிபொருள்: பாதிக்கப்பட்டோர் இருபத்தேழு பேர்

நான் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். கணினித் திரையில் விரிந்த ஒரு பட்டியலில் மூன்றாவது சொல்லைத் தட்டினேன். அதற்காக ஒரு பள்ளிக்கூடமே வாரக்கணக்கில் பந்தைத் தொடாமல் கிடந்தது என்று யாராவது சொல்லியிருந்தால், போய் வேறு வேலையைப் பார் என்றிருப்பேன். ஆனால் அந்தப் படிவத்தின் அடியில் இருப்பது என் பெயர்.

நையல் ப்ரௌஸ். சொந்த ஊர் மெல்பர்ன். சிட்னிக்கு மேற்கே பிண்டாரா க்ரீக் தொடக்கப் பள்ளியில் ஓர் ஆசிரியை பிரசவ விடுப்பில் போனதால், ஆண்டின் கடைசியான நாலாம் பருவத்துக்கு மட்டும் ஆறாம் வகுப்பை மேய்க்க வந்தவன். வந்த முதல் நாளே இடைவேளைக் காவலை என் தலையில் கட்டினார்கள். கண்ணைக் குத்தும் மஞ்சள் மேலங்கி, கழுத்தில் ஒரு விசில், உச்சி வெயில்.

தண்ணீர்க் குழாய்க் கொட்டகைக்குப் பக்கத்தில், தார்த் தரையில் நாலு கட்டம் வரைந்திருந்தது. கட்டத்துக்கு ஒரு பிள்ளை. பின்னால் இருபத்தேழு பேர் வரிசை. நடுவே ஒரு டென்னிஸ் பந்து, மயிரெல்லாம் உதிர்ந்து வழுக்கையாகிப்போனது.

"என்ன ஆட்டம் இது?" என்றேன்.

வரிசை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. ராணி கட்டத்தில் நின்ற ஒரு சமோவாப் பெண், பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஹேண்ட்பால் சார். உங்க ஊர்ல இல்லையா?" என்று கேட்டாள்.

"எங்க ஊர்ல சுவத்துல அடிப்போம்."

"அப்ப யாரு சார் அவுட்டாவாங்க? சுவரா?"

அவள்தான் செஃபினா லெயாவாசா. என் வகுப்புதான். அடுத்த ஐந்து நிமிடத்தில் எனக்குப் பாடம் நடந்தது. "ராஜா, ராணி, ஜாக், மக்கு. இதான் சார் கட்டம். எல்லாரும் மக்குல ஆரம்பிச்சு மேல வரணும். பொண்ணா இருந்தாலும் ராஜா கட்டத்துல நின்னா ராஜாதான். பந்தை உள்ளங்கையால தட்டணும். முதல்ல உங்க கட்டத்துல ஒரு பிட்ச், அப்புறம் அடுத்தவங்க கட்டத்துல. உங்க கட்டத்துலயே ரெண்டு பிட்ச் ஆனா நீங்க அவுட். வர்ற பந்த விட்டாலும் அவுட். கோட்டுல பட்டா உள்ள. அவுட்டானவங்க வரிசைக் கடைசிக்குப் போயிரணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது," என்றேன். மக்கு கட்டத்தில் இறங்கினேன். பந்து வந்தது. அடித்தேன். நூலகக் கூரைக்குப் போய்விட்டது.

"மக்கு கட்டத்துக்கே நீங்க கொஞ்சம் ஜாஸ்தி சார்," என்றான் ராஜா கட்டத்தில் நின்ற ஜவாத் அப்பூத். அன்று மாலைக்குள் பள்ளி முழுக்க நான் மக்கு சார் ஆகிவிட்டேன். கோபம் வந்தது, ஆனால் மறுத்துப் பேச ஆதாரம் இல்லை.

ஒரு விஷயத்தை மட்டும் செஃபினா தனியாகக் காட்டினாள். குழாய்க் கொட்டகையின் தகரக் கூரைக்கு உள்பக்கம், குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தால் தெரியும். தடித்த மைப் பேனாவால் எழுதிய பெயர்கள், வருஷத்துக்கு ஒன்றாக, 1987லிருந்து. ஆண்டின் கடைசி மணி அடிக்கும்போது ராஜா கட்டத்தில் யார் நிற்கிறார்களோ அவர்கள் பெயர். எந்தத் தலைமை ஆசிரியருக்கும் இது தெரியாது. தலைமை ஆசிரியர்கள் குழாயில் தண்ணீர் குடிப்பதில்லை.

"ஏழு வருஷமா வரிசைல நிக்கறேன் சார். பத்தொன்பது தடவ ராணி வரைக்கும் வந்துட்டேன். ஒரு தடவகூட ராஜா ஆனதில்ல. இந்த வருஷம் விட்டா அவ்வளவுதான். ஹைஸ்கூல்ல எவனும் பேரு எழுத மாட்டான்." சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை. செஃபினா ராணி, ஜவாத் ராஜா. அவள் தாழ்வாக ஒரு அடி அடித்தாள். பந்து ஜவாத்தின் கட்டத்து மூலையில் பட்டுப் பறந்தது. அவன் தொடவில்லை.

"அவுட்டு. இறங்கு."

"வெளிய பட்டுச்சு."

"கோட்டுல பட்டுச்சுடா. கண்ணு என்ன பொடனிலயா இருக்கு?"

"போங்கு ஆட்டம் ஆடாத செஃபினா."

வரிசை இரண்டாகப் பிரிந்து கத்தியது. இது தினம் இருபது தடவை நடப்பதுதான், அரை நிமிடத்தில் அடங்கிவிடும் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது. விசிலை ஊதினேன். மழலை வகுப்பு ஆல்ஃபி, விசில் சத்தத்துக்குப் பயந்து அழுதுவிட்டான். அழுகை வந்துவிட்டால் படிவம் நிரப்ப வேண்டும் என்பது விதி.

ஆசிரியர் அறையில் கணினி முன்னால் உட்கார்ந்தேன். 'நிகழ்வின் வகை' என்று ஒரு பட்டியல் விரிந்தது. பாம்பு, தீ, எறிபொருள், வெள்ளம், பிற. 'பிற' என்பதைத் தட்டினால் ஆயிரம் சொல்லில் விளக்கம் கேட்டது. பந்து எறியப்படுகிற பொருள்தானே என்று 'எறிபொருள்' தட்டினேன். 'பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை' என்று அடுத்து வந்தது. ஆட்டம் நின்றதில் வரிசை முழுக்க முகத்தைத் தொங்கப்போட்டிருந்ததே என்று இருபத்தேழு போட்டேன். மதியச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அனுப்பிவிட்டேன்.

இரண்டே காலுக்கு, படிவம் போய்ச் சேர்ந்த இடைவேளை நல வாரியத்திலிருந்து தொலைபேசி. எல்லாப் பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டார்கள்.

மறுநாள் வாரியத்திலிருந்து இரண்டு பேர் வந்து கட்டத்தைச் சுற்றி ஆரஞ்சுக் கூம்புகளை வைத்தார்கள். பந்தைக் கையுறை போட்டு எடுத்து, குறுக்களவு பார்த்து, கண்ணாடிப் பையில் போட்டு முத்திரை வைத்து, 'எறிபொருள், ஒன்றில் ஒன்று' என்று எழுதித் தலைமை ஆசிரியர் அறை அலமாரியில் பூட்டினார்கள்.

"பாதிக்கப்பட்ட இருபத்தேழு பேரும் இப்ப எப்படி இருக்காங்க?" என்று மூத்தவர் என்னைக் கேட்டார்.

"வரிசைல நிக்கறாங்க."

'இன்னமும் நிற்க முடிகிறது' என்று குறித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் ஒரு மனநல ஆலோசகர் வந்தார். இருபத்தேழு பேருக்கும் வெள்ளைத் தாள் கொடுத்து, மனதில் இருப்பதை வரையச் சொன்னார். இருபத்தேழு பேரும் நாலு கட்டம் வரைந்தார்கள். 'பிள்ளைகள் அனைவரும் தங்களைக் கூண்டுக்குள் இருப்பதாக உணர்கிறார்கள்' என்று அறிக்கை போயிற்று. நான் சொல்லிப் பார்த்தேன், அது கூண்டில்லை, ஆடுகளம் என்று. "நீங்களும் பாதிக்கப்பட்டிருக்கீங்க," என்று என் கையைப் பரிவோடு பிடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் தலைமை ஆசிரியை ராசலிண்ட் அட்வாட்டர் பேசினார். நல்ல மனுஷிதான். யாரையும் அடித்ததில்லை, திட்டியதில்லை, எதையும் 'இல்லை' என்று சொன்னதும் இல்லை.

"பிள்ளைங்களா, ஹேண்ட்பாலை நாம தடை பண்ணல. தடைங்கறது ரொம்பக் கடுமையான வார்த்தை. நாம அதுக்கு ஓய்வு குடுத்திருக்கோம். பந்து இருக்கு. கட்டம் இருக்கு. நீங்க இருக்கீங்க. ஆடறது ஒண்ணுதான் இல்ல, மத்தபடி எதுவுமே மாறல. முப்பது வருஷமா குழந்தைங்களோட இருக்கேன். குழந்தைங்க சத்தமில்லாம இருந்தா சந்தோஷமா இருக்காங்கன்னு அர்த்தம். இந்த வாரம் மைதானத்துல ஒரு சத்தம் இல்ல. எனக்குக் கண்ணே கலங்கிப்போச்சு."

ஆல்ஃபி கையைத் தூக்கினான். "மிஸ், ஓய்வு எப்ப முடியும்?"

"முடிவு தேதி வச்சா அது ஓய்வாடா கண்ணா?"

செஃபினா என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெறுமனே பார்த்தாள். அவளுக்கு ஏழு வருஷம், எனக்கு மூன்று வாரம்; மூன்று வாரத்துக்காரன் அவள் ஏழு வருஷத்தில் மண்ணைப் போட்டுவிட்டேன். கடைசி மணிக்கு முன்னால் எப்படியாவது ஆட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தே தீருவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

விசாரித்ததில், பள்ளியில் ஒருவராவது 'ஹேண்ட்பால் கண்காணிப்பாளர், நிலை ஒன்று' சான்றிதழ் வாங்கினால்தான் ஓய்வைப் பரிசீலிக்கவே தொடங்குவார்கள் என்று தெரிந்தது. பெயர் கொடுத்தேன். பயிற்சி இரண்டு நாள், ஒரு சங்க மண்டபத்தில். பதினாலு ஆசிரியர்கள், நாலு தட்டு சாசேஜ் ரோல், நூற்றுக்கணக்கில் ஒட்டுத் தாள்கள். பந்து இல்லை. பந்துக்கு இன்னும் அனுமதி வரவில்லையாம்.

நடத்தியவர் லாக்லன் ஃபெல் என்ற இளைஞர். "ஒரு நிமிஷம் கண்ண மூடுங்க. நீங்கதான் பந்துன்னு நெனச்சுக்குங்க. என்ன தோணுது?" என்றார்.

"அடிப்பாங்கன்னு தோணுது," என்றார் என் பக்கத்தில் இருந்த வயதான ஆசிரியை.

"அருமை. அதை எழுதி சுவத்துல ஒட்டுங்க," என்றார் லாக்லன். முதல் நாள் முழுக்க இப்படியே போயிற்று. ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், நீங்கள் இந்த ஆட்டம் ஆடியிருக்கிறீர்களா என்று அவரைக் கேட்டார். "நான் ஆட்டத்துக்குள்ள போனதில்ல. போனா பாரபட்சம் வந்துரும்," என்றார் லாக்லன். இரண்டாம் நாள் மாலை செயல்முறைத் தேர்வு. பந்துக்குப் பதிலாக ஆளுக்கொரு ஆரஞ்சுப் பழம். நான் என் கட்டத்தில் ஓங்கி அடித்தேன். பழம் அங்கேயே பிளந்து, சாறு என் சட்டையில் தெறித்தது.

"யாருக்காவது காயமா?"

"பழத்துக்கு."

"மனுஷங்களுக்கு?"

"இல்ல."

"தேர்ச்சி," என்றார்.

சான்றிதழை வகுப்பில் மாட்டினேன். செஃபினா கிட்டே வந்து படித்தாள். "எதுல சார் ஆடிப் பாஸ் பண்ணீங்க?"

"ஆரஞ்சுல."

அவள் சிரிக்கவில்லை. என்மேல் அவளுக்கு இரக்கம் வந்துவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில், தன் ரொட்டியை நாலு துண்டாகக் கிழித்துக் கட்டம் மாதிரி வைத்து, ஒரு திராட்சையை உருட்டிக் காட்டினாள். "பந்து கிட்ட நீங்க போகக் கூடாது சார். முட்டிய மடக்கி நில்லுங்க, அதுவா வரும். மணிக்கட்டுல தட்டுங்க. நீங்க ஈ அடிக்கிற மாதிரி அடிக்கறீங்க." சனிக்கிழமைகளில் என் வீட்டு வண்டிக் கொட்டகை முன்னால் தனியாகத் தட்டிப் பழகினேன். மூன்று சனிக்கிழமைக்குப் பிறகு பந்து கூரைக்குப் போவது நின்றது.

எட்டாவது வாரம் கொள்கை வந்தது. முப்பத்தெட்டுப் பக்கம். தலைமை ஆசிரியை ரிப்பன் வெட்டினார். கட்டங்களில் ராஜா, ராணி எல்லாம் அழிக்கப்பட்டு 'இடம் ஒன்று, இடம் ஒன்று, இடம் ஒன்று, இடம் ஒன்று' என்று எழுதியிருந்தது. யாரும் இரண்டாவதாக உணரக் கூடாதாம். தொடங்கும் வரிசை குடும்பப் பெயரின் அகரவரிசைப்படி. அதனால் அப்பூத் என்ற ஜவாத் பழையபடி ராஜா கட்டத்தில் நின்றான். லெயாவாசா வரிசையில் பதினாலாவது ஆளாகப் போனாள்.

புதுப் பந்து வந்திருந்தது, கடற்பஞ்சில் செய்தது. ஜவாத் அதை ஓங்கித் தட்டினான். அது அவன் கட்டத்திலேயே பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துகொண்டது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கொள்கையின் பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்தேன். 'அவுட்' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. "ஜவாத், இடம் மாறச் சொல்லி உனக்கு ஒரு அழைப்பு வந்திருக்கு," என்றேன்.

"போகாட்டி?"

"மறுபரிசீலனை கேக்கலாம்."

"கேட்டா?"

"முடிவு வர்ற வரைக்கும் இங்கயே நிக்கலாம்."

"அப்ப கேக்கறேன்," என்றான். அடுத்த கட்டத்துக்காரனும் கேட்டான். மற்ற இருவரும் எதற்கும் இருக்கட்டும் என்று கேட்டு வைத்தார்கள். அன்றோடு ஆட்டம் நகரவில்லை. நாலு பேர் நாலு கட்டத்தில், இருபத்தேழு பேர் வெயிலில், நடுவே பஞ்சு. தலைமை ஆசிரியை ஜன்னலிலிருந்து பார்த்துப் பூரித்துப்போனார். ஒரு சண்டை இல்லை, ஒரு அழுகை இல்லை.

நாலாம் நாள் ஜவாத்தே என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "சார், காலு வலிக்குது. இதுல ராஜாவா இருக்கறதுக்கு வீட்டுலயே இருக்கலாம். என்னை யாராவது அவுட்டாக்குங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நீயாப் போயேன்டா."

"நானாப் போனா அது தோத்ததா ஆயிரும்."

செஃபினா வரிசையில் நின்றபடியே முப்பத்தெட்டுப் பக்கத்தையும் படித்து முடித்தாள். பள்ளியில் அதை முழுக்கப் படித்த ஒரே ஆள் அவள்தான் என்று நினைக்கிறேன்; எழுதினவர்கள் உட்பட. படித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"சார், முப்பத்தொண்ணாம் பக்கம். 'பாதிக்கப்பட்ட எவரும் மறுபரிசீலனை கோரலாம்.' வரிசைல நிக்கறவங்க பாதிக்கப்பட்டவங்களா?"

"ஆமா. நானே எழுதிக் குடுத்திருக்கேன். வாரியமும் ஏத்துக்கிட்டிருக்கு."

"முப்பத்துமூணாம் பக்கம். ஒவ்வொரு மனுவுக்கும் தலைமை ஆசிரியர், மாணவர், பெற்றோர் உக்காந்து நாப்பது நிமிஷம் பேசணும். முப்பத்தாறாம் பக்கம். எல்லா மனுவும் ஆண்டின் கடைசி மணிக்குள்ள முடியணும். முடியாட்டி தலைமை ஆசிரியருக்கு விடுமுறை தொடங்காது." தாள்களை மடித்து என் கையில் வைத்தாள். "படிவம் எங்க சார் இருக்கு?"

எங்கே இருக்கிறது என்று சொன்னேன். கண்காணிப்பாளர் என்ற முறையில் அது என் கடமை.

அன்று இருபத்தேழு மனு. மறுநாள் காலை இடைவேளைக்கு இருபத்தேழு, மதியத்துக்கு இருபத்தேழு. காரணங்களையெல்லாம் நானே வாங்கி அடுக்கினேன். 'வெயில் அடிக்கிறது.' 'ஜவாத்தின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.' 'பந்து தூங்குகிறது.' எழுதத் தெரியாத ஆல்ஃபி தினமும் ஒரு டைனோசர் வரைந்து கொடுத்தான். டைனோசருக்கும் நாற்பது நிமிடம் உண்டு.

அட்வாட்டர் அம்மையார் முதலில் உற்சாகமாகத்தான் தொடங்கினார். செஃபினாவின் அம்மா, ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து நேராக வந்தவர், எதிரே உட்கார்ந்தார்.

"என்ன மிஸ், எம்பொண்ணு என்ன பண்ணிட்டா?"

"ஒண்ணும் பண்ணலங்க. வரிசைல நிக்கறா."

"சரி. அதுக்கு?"

"அதைப் பத்தி நாம நாப்பது நிமிஷம் பேசணும்."

அந்த அம்மா இரண்டு நிமிடம் பேசினார், மிச்சம் முப்பத்தெட்டு நிமிடம் நாற்காலியிலேயே தூங்கினார். நல்ல தூக்கம். அதற்கப்புறம் அவரே தினமும் ஒரு மனு போடச்சொல்லி மகளை அனுப்பினார்.

கடைசி நாள் வந்தபோது மனுக்கள் அறுநூற்றுப் பதினொன்று. தீர்ந்தவை ஒன்பது. தலைமை ஆசிரியையின் காரில் பெட்டி ஏற்றியிருந்தது. மாலை ஆறு மணிக்கு அவர் கப்பல் ஏற வேண்டும், பசிபிக் தீவுகளுக்குப் பதினோரு நாள். அவர் கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்திருந்தது. இரண்டு மணிக்கு வாரியத்தின் இயக்குநர் டெஸ்மண்ட் காரிக் நேரில் வந்தார். ஆடுகளத்தில் எல்லோரையும் கூட்டி, வெயிலில் நிறுத்தி, அரை மணிக்கு மேல் பேசினார்.

"இது ஒரு பெரிய வெற்றி. போன வருஷம் இந்த மாநிலத்துல ஒரு பிள்ளைகூட ஹேண்ட்பால் பத்தி எங்களுக்கு எழுதினதில்ல. இந்த ஒரு பள்ளிலேருந்து மட்டும் அறுநூத்துப் பதினொரு பேர் எழுதியிருக்காங்க. ஆட்டத்துமேல எவ்வளவு ஆர்வம் பாருங்க. ஆடறவங்க யாருமே இல்ல, ஆனா பங்கேற்பு அறுநூறு மடங்கு. இதைத்தான் நாங்க இருபது வருஷமா சொல்லிட்டு வர்றோம்: ஆட்டத்துக்கு இடைஞ்சலா இருக்கறதே ஆடறதுதான்." கைதட்டலுக்காக நிறுத்தினார். தட்ட ஆளில்லை. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "ப்ரௌஸ், நடுவுல ஒண்ணு கேக்கணும். நாங்க வர்றதுக்கு முன்னாடி இந்த மாதிரித் தகராறெல்லாம் எப்படித் தீத்தாங்க?"

"ரீபிளே," என்றேன்.

"அப்படின்னா?"

"அந்தப் பந்தை இன்னொரு தடவ ஆடுவாங்க."

"அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஆறு வினாடி."

இயக்குநரும் தலைமை ஆசிரியையும் கொஞ்சம் தள்ளிப்போய்ப் பேசினார்கள். அம்மையார் கடிகாரத்தைக் காட்டுவது தெரிந்தது. பிறகு காரிக் திரும்பி வந்து, எல்லா மனுவுக்கும் மூலம் ஒரே பந்து என்பதால், மூன்றாம் வாரத்துச் செவ்வாய்க்கிழமைப் பந்தை மறுபடி ஆடினால் மற்ற அனைத்தும் தாமாகவே தீர்ந்துவிடும் என்ற புதுமையான வழியை வாரியம் கண்டுபிடித்திருப்பதாக அறிவித்தார். மணி இரண்டு நாற்பத்தேழு. மூன்றுக்குக் கடைசி மணி.

முத்திரையை உடைத்து வழுக்கைப் பந்தைக் கொண்டுவந்தார்கள். செஃபினா ராணி கட்டத்தில் நின்றாள். ஜவாத் ராஜா கட்டத்தில். அவள் முட்டியை மடக்கினாள், பந்தை ஒரு தடவை தரையில் தட்டிப் பார்த்தாள். அந்த 'டப்' சத்தத்தைக் கேட்டு ஏழு வாரம் ஆகியிருந்தது. வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அடித்தாள். ஜவாத் பாய்ந்தான். விரல்நுனியில் தவறிவிட்டது.

"அவுட்டு," என்று அவனே சொன்னான். "அப்பாடா," என்று இன்னொன்றும் சொல்லிவிட்டு வரிசைக் கடைசிக்கு ஓடினான். செஃபினா கோட்டைத் தாண்டி ராஜா கட்டத்தில் காலை வைத்தாள். முதலில் ஒரு கால், அப்புறம் இன்னொன்று.

அதற்கப்புறம் நடந்ததுதான் ஹேண்ட்பால். ஐந்து வினாடிக்கு ஒருவர் அவுட். வரிசை ஓடியது. போங்கு, கோடு, ரெண்டு பிட்ச், கண்ணாடி போடு என்று ஒரே கூச்சல். நானும் மேலங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு வரிசையில் நின்று மக்கு கட்டத்துக்குப் போனேன். மூன்று பந்து தாக்குப்பிடித்தேன். நாலாவதில் ஆல்ஃபி என்னை அவுட்டாக்கினான். "பரவால்ல மக்கு சார், முன்னேறிட்டீங்க," என்று என் காலைத் தட்டிக்கொடுத்தான். உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

செஃபினா அசையவில்லை. பத்து நிமிடம், யார் எப்படி அடித்தாலும் எடுத்தாள். இரண்டு ஐம்பத்தொன்பதுக்கு ஜவாத் பழையபடி ஏறி ராணி கட்டத்துக்கு வந்துவிட்டான். மைப் பேனாவை யாரோ குழாய்க் கொட்டகையில் தயாராக வைத்திருந்தார்கள்.

ஜவாத் தரையோடு தரையாக ஒன்று விட்டான். செஃபினா கிட்டத்தட்ட விழுந்து, தார் ஓரத்திலிருந்து அதைத் தோண்டி எடுத்துத் தட்டினாள். பந்து அவன் கட்டத்தில் பட்டு அவன் தோளைத் தாண்டிப் போயிற்று. வரிசை மொத்தமும் துள்ளிக் குதித்தது. ஜவாத் தலையை ஆட்டிக்கொண்டு கட்டத்தை விட்டு இறங்கினான்.

"இல்ல," என்றாள் செஃபினா. "நில்லுடா. என் கட்டத்துல ரெண்டு பிட்ச். நான்தான் அவுட்டு."

"எங்க? நான் பாக்கலையே," என்றான் ஜவாத்.

யாருமே பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை, சான்றிதழ் வாங்கியவன். இயக்குநர் காரிக் அவசரமாக முன்னால் வந்தார். அவருக்கும் இதற்குள் கூரைப் பெயர் விஷயத்தை யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"பாப்பா, யாரும் புகார் சொல்லல. நீ ஒரு மறுபரிசீலனை கேட்டுட்டாப் போதும். முடிவு வர்ற வரைக்கும் நீ அங்கயே நிக்கலாம். உனக்கு அந்த உரிமை இருக்கு."

"எதுக்கு சார்? நான் பாத்தேன்ல," என்றாள். கட்டத்தை விட்டு இறங்கி, இருபத்தேழு பேரைத் தாண்டி, வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

மணி அடித்தது.

வரிசை கலைந்து பைகளைத் தேடி ஓடியது. அவள் மட்டும் தொப்பியை முகத்தில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது; மறைக்கவில்லை. அவள் இறங்கியதும் ராஜா கட்டத்துக்கு ஏறியிருந்த ஜவாத், கொட்டகைக்குப் போய்த் தன் பெயரை எழுதிவிட்டு, கையெல்லாம் மையோடு வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

காரிக் திறந்த கோப்போடு என்னிடம் வந்தார். "ப்ரௌஸ், இதை நான் எப்படிப் பதிவு பண்றது? புகார் குடுத்தவங்க இல்ல, சாட்சி இல்ல, முடிவு சொன்ன அதிகாரியும் இல்ல."

"அவ அவுட்டு சார். அவ்வளவுதான்," என்றேன்.

"நாளைக்கு பார்க்ல ஆடறோம். வர்றியா?" என்று ஜவாத் கேட்பது காதில் விழுந்தது.

தொப்பிக்குள்ளிருந்து பதில் வந்தது. "வர்றேன். பந்தை எடுத்துக்க, அந்த வாரியத்து ஆளு மறுபடி பூட்டறதுக்குள்ள."